பெயர்ப் பலகை எடுத்த பிறகு

மாமல்லபுரத்திலிருந்து கல்பாக்கம் போகிற சாலையில், சவுக்குத் தோப்பு முடிகிற இடத்தில் ஒரு மஞ்சள் பங்களா உண்டு. 1993-ஆம் வருஷம் தை மாதம் அதன் வாசலில் ‘கடல்சூழ் நாடுகள் ஆய்வு மையம்’ என்று ஒரு பலகை ஏறியது. ஆணி அடித்தவர் வாசுதேவன் சாரேதான். மூன்று நாடுகளில் நம் தூதரகத்தில் வேலை பார்த்துவிட்டு, ஓய்வுக்கு ஆறு வருஷம் இருக்கும்போதே வேலையை உதறிவிட்டு வந்தவர். அவர் மேலே ஆணி அடிக்க, கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் ஜெசிந்தா.

ஜெசிந்தாவுக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. திருக்கழுக்குன்றம் பக்கத்து ஊர். அப்பனும் ஆத்தாளும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டு வயிறு கழுவியவர்கள். கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தாள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், ஆனால் கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும். புருஷன் ஜோயலுக்கு மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் வெல்டிங் வேலை. ஒரே மகள் ரெஜினா. மையத்தில் ஜெசிந்தாவுக்கு வேலை என்ன என்றால் கூட்டுவது, துடைப்பது, டீ போடுவது, வருகிறவர்களுக்குச் சமைப்பது.

“அங்க இன்னாதான் பண்றாங்க?” என்று ஜோயல் முதல் மாதமே கேட்டான்.

“பக்கத்து நாட்டுங்களோட நம்ம கவர்மென்ட்டு எப்படி நடந்துக்கணும்னு யோசிக்கிறாங்க. யோசிச்சு எழுதி டெல்லிக்கு அனுப்புறாங்க.”

“யோசிக்கிறதுக்குச் சம்பளமா? நானும்தான் பஸ்ல குந்திகினு போவசொல்ல வரசொல்ல யோசிக்கிறேன். எவன் டப்பு குடுத்தான்?”

முதல் இரண்டு வருஷம் அந்த யோசனையைக் கேட்க ஆள் வரவில்லை. செமினார் என்று இருபது நாற்காலி போடுவார்கள். எட்டுப் பேர் வருவார்கள். அதிலும் மூன்று பேர் சிற்பம் பார்க்க வந்தவர்கள், போகிற வழியில் எட்டிப் பார்த்தவர்கள். ஒரு தடவை போட்டோ எடுக்கிறவர் வந்து நின்றுவிட்டார். காலி நாற்காலியைப் படம் எடுத்தால் நன்றாகவா இருக்கும்? வாசுதேவன் சார் சமையலறைக்கு வந்து, “ஜெசிந்தா, முந்தானையை இழுத்துச் சொருகிண்டு வந்து உட்காரும்மா. பக்தவத்சலம், நீங்களும் வாங்கோ” என்றார். பக்தவத்சலம் மையத்தின் டைப்பிஸ்ட், சிங்கப்பெருமாள் கோயில்காரர். அந்த வருஷத்து அறிக்கைப் புத்தகத்தில் இன்றைக்கும் அந்தப் படம் இருக்கிறது. வராமல் போன ஒரு தூதரின் பெயர்ப் பலகைக்குப் பின்னால் ஜெசிந்தா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

“மேடம், உங்க நாட்ல மழையெல்லாம் எப்படி?” என்று பக்தவத்சலம் ரொம்ப நாளைக்குக் கேலி பண்ணிக்கொண்டிருந்தார்.

வாசுதேவன் சார் கெட்டவர் இல்லை. இதை ஜெசிந்தா கடைசி வரைக்கும் சொன்னாள். ரெஜினாவுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது தன் காரையே கொடுத்துச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். யார் பேசினாலும் குறுக்கே பேசாமல், தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்பார். டீயை வைத்துவிட்டுத் திரும்பினால், “உனக்கு என்னம்மா தோணறது?” என்பார். தன்னைப் பார்த்து அப்படி ஒரு கேள்வி கேட்ட மனுஷன் அவளுடைய நாற்பது வருஷத்தில் வேறு யாரும் இல்லை. மையத்துக்கு எங்கிருந்தாவது ஆதரவு வரவேண்டும் என்று ஒன்பது செவ்வாய்க்கிழமை விடாமல் அந்தோணியாருக்கு நவநாள் செய்தாள். பத்தாவது வாரம் ஒரு வெளிநாட்டு அறக்கட்டளையின் கடிதம் வந்தது. சாரிடம் அவள் நவநாளைப் பற்றிச் சொல்லிக்கொள்ளவில்லை.

அதற்கப்புறம் வளர்ச்சிதான். ஓய்வுபெற்ற தளபதிகள் வந்தார்கள், பேராசிரியர்கள் வந்தார்கள், தூதர்களே வந்தார்கள். இவர்கள் மனசுவிட்டுப் பேசவேண்டும் என்பதற்காக மையத்தில் ஒரு விதி இருந்தது. எல்லாரும் உட்கார்ந்த பிறகு வாசுதேவன் சார் கையை லேசாகத் தூக்குவார். உடனே ஜெசிந்தா ஒரு தட்டோடு உள்ளே போய், மேஜைமேல் இருக்கிற பெயர்ப் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் அடுக்கிக்கொண்டு வெளியே வருவாள். கதவு சாத்தப்படும். அதற்கப்புறம் அந்த அறையில் பேசுகிறவர்களுக்குப் பெயர் கிடையாது.

“இங்க கேட்டதை வெளியில எடுத்துண்டு போகலாம். யார் சொன்னதுங்கறதை எடுத்துண்டு போகக்கூடாது” என்று சார் ஒரு தடவை அவளுக்கு விளக்கினார்.

ஜெசிந்தாவுக்கு அதில் பின்பாதிதான் மனசில் தங்கியது. மூடிய இடம், பேர் இல்லாமல் பேசுகிறவன், கேட்டதை வெளியே விடாதவர். இதெல்லாம் அவளுக்குச் சின்ன வயதிலிருந்து தெரிந்த சங்கதி. செய்த பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சாமியாரிடம் சொன்னது சாமியாரோடு போயிற்று. கழுத்தை அறுத்தாலும் அவர் வாயைத் திறக்கக்கூடாது. பெரிய படிப்புப் படித்தவர்கள் நம் வேதத்திலிருந்துதான் இதை எடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். அந்தப் பலகைகளைச் சமையலறை அலமாரியில் வைத்து, பீடத்தில் விரிக்கிற மாதிரி ஒரு வெள்ளைத் துணி போட்டு மூடி வைப்பாள். கூட்டம் முடிகிற வரைக்கும் சமையலறையில் பாத்திரம்கூட மெதுவாகத்தான் வைப்பாள்.

மையத்துக்கு மீன் கொண்டுவருகிறவள் கன்னியம்மா. கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே இருக்கிற குப்பத்தைச் சேர்ந்தவள். ஜெசிந்தாவைவிட மூன்று வயது மூத்தவள். கூடையை இறக்கியதும் வாயும் திறந்துவிடும்.

“இந்தாடி, வஞ்சிரம். உங்க சாரு கூப்ட்ட வெள்ளக்காரனுக்கு ஆக்கிப் போடு. துன்னுட்டு சண்ட கிண்ட போடாம ஒழுங்கா போவட்டும்.”

“சண்ட வராம இருக்கத்தான் யக்கா இங்க பேசறாங்க.”

“பேசினா சண்ட வராதா? எங்க வூட்டாண்ட வந்து பாரு.”

கன்னியம்மாவுக்கு மூன்று பெண்கள். மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்ததில், இனிமேல் பெண்ணே வேண்டாம் என்று அவளுக்கு வேண்டா என்று பேர் வைத்தார்கள். கடைசியில் அந்த வேண்டாதான் ஆத்தாளோடு இருந்தாள். அவளுடைய புருஷன் இனியன், படகு என்ஜின் பழுது பார்ப்பவன். இடது கையில் இரண்டு விரல் கிடையாது. மூன்று விரலை வைத்துக்கொண்டே எந்த என்ஜினையும் பேச வைத்துவிடுவான்.

இனியனைப் பற்றிக் குப்பத்துக்குத் தெரியும், வெளியே தெரியாது. அவன் தீவுக்காரன். 1990-இல் படகில் இராமேசுவரம் வந்து இறங்கி, முகாமில் பதியாமல், கரையோரமாகவே வேலை தேடித் தேடி வடக்கே வந்துவிட்டவன். தீவுக்காரன் என்றால் வீடு கொடுக்கமாட்டார்கள், வேலை கொடுக்கமாட்டார்கள் என்று இருந்த காலம். கன்னியம்மா அவனைத் தன் அண்ணன் மகன் என்று சொல்லி வைத்தாள். பேச்சையும் மாற்றிக் கொடுத்தாள். அவன் கற்றுக்கொண்டதில் ‘கீது’ மட்டும் ரொம்பப் பிடித்துவிட்டது.

“அம்மா கீது, சோறு கீது, நான் கீது” என்பான்.

“டேய், மனுசனுக்குக் கீது வராதுடா. நீ கீறே, நான் கீறேன். இந்த வாயத் தொறந்தே நீ மாட்டப் போற” என்று கன்னியம்மா தலையில் அடித்துக்கொள்வாள். இந்தக் கதையை அவள் சமையலறை வாசலில் சொல்லச் சொல்ல, ஜெசிந்தா சிரித்துக்கொண்டே மீன் கழுவுவாள். அப்படித்தான் அந்த ரகசியம் ஜெசிந்தாவிடம் வந்தது. அவள் அதை ஜோயலிடம்கூடச் சொல்லவில்லை.

1997 ஆடி மாதம். வாசுதேவன் சார் ஒரு பெரிய கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். தீவிலிருந்து வந்தவர்களை என்ன செய்வது, திருப்பி அனுப்புவதா, இங்கேயே கல்யாணம் காட்சி என்று ஆகிவிட்டவர்களுக்குக் காகிதம் கொடுப்பதா என்று. முகாமுக்குப் போய் நிறையப் பேரைப் பார்த்துவிட்டார். முகாமுக்கு வெளியே ஒளிந்து வாழ்கிறவன் ஒருவன்கூட அகப்படவில்லை.

“அப்படி ஒருத்தன் பேசினாப் போதும் ஜெசிந்தா. டெல்லியில இதைப் படிக்கிறவாளுக்கு மனசு மாறும். இங்க கல்யாணம் பண்ணிண்டவாளுக்கு ஒரு வழி பிறக்கும்” என்றார்.

ஜெசிந்தா ஒரு வாரம் செபமாலை சொல்லி யோசித்தாள். வேண்டாவுக்கு அப்போது ஒரு வயதுக் குழந்தை, வயிற்றில் இன்னொன்று. ஒவ்வொரு தடவை சாலையில் போலீஸ் வண்டி போகும்போதும் இனியன் பனைமர மறைவுக்கு ஓடுகிறான். இதற்கு ஒரு வழி பிறந்தால் நல்லதுதானே? கன்னியம்மாவிடம் சொன்னாள்.

கன்னியம்மா கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். “இன்னாடி பேசற நீ? வாய மூடிகினு கெட.”

“யக்கா, அந்த ரூம்ல பேசறது வெளில போவாது. பேரே கெடையாது. நான்தான பலகையே எடுக்கிறேன்? எங்க சாமியாருகிட்ட பாவசங்கீர்த்தனம் சொல்ற மாதிரி அது.”

“உங்க சாமியாரு வேற. உங்க சாரு வேற.”

“மாதா மேல ஆணையா சொல்றேன். ஒண்ணு ஆச்சின்னா என்னைக் கேளு.”

மாதாவை இழுத்ததும் கன்னியம்மா கூடையை மறுபடி இறக்கினாள். அவளுக்கும் மாதா என்றால் பயம்தான், வருஷா வருஷம் கோவளத்துக் கோயில் திருவிழாவுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றுகிறவள். பிறகு சொன்னாள்: “நீ சொல்றே. அதுக்காவ அனுப்பறேன். அவருக்காவ இல்ல.”

அடுத்த வியாழக்கிழமை மதியம் இனியன் வந்தான். சலவைச் சட்டை, இடது கை பாக்கெட்டுக்குள். அறையில் சாரைத் தவிர வேறு யாரும் இல்லை. இனியனுக்குப் பெயர்ப் பலகையே எழுதவில்லை. இருந்தாலும் பழக்கத்தில் ஜெசிந்தா சாருடைய பலகையைத் தட்டில் எடுத்துக்கொண்டாள். இனியன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அக்கா, நீங்களும் உள்ள இருப்பியளோ?” என்றான். பயத்தில் ஊர்ப் பேச்சு திரும்பி வந்துவிட்டது.

“நான் இங்கதான் தம்பி, கதவுக்கு அந்தாண்ட.”

மூன்று மணி நேரம் பேசினான். விரல் போன கதையும் சொன்னான். அவன் சொன்னதை இங்கே எழுதவேண்டியதில்லை. வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது, ஆனால் முகம் லேசாக இருந்தது. “நல்ல மனுசன் அக்கா. பொறுமையாக் கேட்டவர்” என்றான். ஜெசிந்தா அன்றைக்கு மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றினாள்.

கட்டுரை 1998 மாசியில் அச்சாகி வந்தது. அட்டையில் கடல் படம். இங்கிலீஷில் இருந்ததால் ஜெசிந்தாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. டெல்லியிலிருந்து சாருக்குப் போன் மேல் போன். பதினைந்து நாள் கழித்து ஒரு தமிழ்ப் பத்திரிகை அதன் சுருக்கத்தைப் போட்டது. பக்தவத்சலம் அதை மடித்து எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தார். விரலை வைத்து இடத்தைக் காட்டினார்.

ஜெசிந்தா எழுத்துக் கூட்டிப் படித்தாள். ‘மாமல்லபுரம் கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பம். இடது கையில் இரு விரல்களை இழந்த இளைஞர் ஒருவர், பெயரை மாற்றாமல் ஊரை மாற்றிக்கொண்டு, படகு என்ஜின்களைப் பழுது பார்த்து வாழ்கிறார். மீன் விற்கும் மாமியார் அவரை அண்ணன் மகன் என்று சொல்லிக் காத்து வருகிறார்.’

“பேரு போடலியே” என்றாள் ஜெசிந்தா. அவளுக்கே அவள் குரல் வேறு யாருடையதோ போலக் கேட்டது.

“பேரு எதுக்கும்மா? இந்தக் கரையில மூணு விரல் மெக்கானிக்கு எத்தினி பேரு கீறான்?” என்றார் பக்தவத்சலம்.

நான்காம் நாள் குப்பத்துக்கு ஜீப் வந்தது. வந்தவர்கள் யார் பெயரையும் கேட்கவில்லை. “ரெண்டு விரல் இல்லாதவன் யாருப்பா?” என்று மட்டும் கேட்டார்கள். ஒரு என்ஜினைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த இனியன், கை முழுக்க எண்ணெயோடு எழுந்து போய் வண்டியில் ஏறினான். வேண்டா எட்டு மாதக் கர்ப்பத்தோடு மணலில் விழுந்து புரண்டாள்.

ஜெசிந்தா கன்னியம்மாவைக் கூட்டிக்கொண்டு செங்கல்பட்டுக்கு ஓடினாள். விசாரணை செய்த அதிகாரி வயசானவர், கோபப்படாதவர். விஷயத்தை உடைத்துச் சொன்னார். “எட்டு வருஷமா பதியாம ஒளிஞ்சிருந்தவன்னு ஃபைல்ல இருக்கு. அப்படியே போனா பூட்டுப்போட்ட முகாம்தான். ஆனா இவனே வலிய வந்து, பதிவு பண்ணிக்கணும்கிற எண்ணத்துல அந்த மையத்துல பேசினான்னு அவங்க எழுதிக் குடுத்தா, திறந்த முகாமுக்கு நான் சிபாரிசு பண்ணலாம். பொண்டாட்டி புள்ளையோட இருக்கலாம், வேலைக்குப் போகலாம். பத்து நாள் டைம். ஒரு லெட்டர் போதும்மா.”

ஒரு கடிதம். கன்னியம்மா வெளியே வந்து ஜெசிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அதுவரை அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. “உங்க சாரு எழுதுவாரு இல்ல?”

“எழுதுவாரு யக்கா. சாரு நல்லவரு.”

மறுநாள் காலையில் சார் வந்ததும் வராததுமாக ஜெசிந்தா போய் நின்றாள். எல்லாவற்றையும் சொன்னாள். வாசுதேவன் சார் வழக்கம்போலத் தலையைச் சாய்த்து முழுக்கக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ரொம்ப வருத்தமா இருக்கும்மா. ஆனா அந்த அறையில யார் பேசினாங்கறதை நான் எழுத்துல குடுக்க முடியாது. அதுதானே நம்ம விதி? உனக்குத் தெரியாததா?”

ஜெசிந்தாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மேஜைக்கு அருகே போனாள். “சார்... போலீசுக்கே எல்லாம் தெரிஞ்சுபோச்சு சார். இனிமே இன்னா விதி? அவனே சொல்லச் சொல்றான்.”

“நான் பெயரைப் போடலையே ஜெசிந்தா.”

“விரலப் போட்டீங்களே சார்.”

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். “அந்த விவரம் இல்லேன்னா யாரும் நம்பமாட்டா. எழுத்துன்னா அப்படித்தான்.” பிறகு, “ஒரு நல்ல வக்கீலா பார்க்கச் சொல்லு” என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்தார்.

உண்மையைப் பக்தவத்சலம்தான் சொன்னார். டெல்லியில் ஒரு பெரிய ஆலோசனைக் குழு அமைக்கிறார்கள். அதில் சாருடைய பெயர் இருக்கிறது. பதியாத ஆள் ஒருவனை மையத்துக்குள் வரவழைத்து உட்கார வைத்துவிட்டு, ஏழெட்டு மாதம் அரசாங்கத்துக்குச் சொல்லாமல் இருந்தார் என்று அவர் கையெழுத்திலேயே ஒரு காகிதம் போனால், அந்தப் பெயரை அடித்துவிடுவார்கள். “லெட்டர்பேடு உன் அலமாரியில கீது. சாரோட கையெழுத்து ரப்பர் ஸ்டாம்பு என் டிராயர்ல கீது. நீ ஊம்னு சொன்னா நான் டைப் அடிக்கிறேன். என் வேல போனாப் போவுது” என்றார்.

ஜெசிந்தா மூன்று நாள் பார்த்தாள். சார் மனசு மாறுவார் என்று பார்த்தாள். டீ கொண்டுபோய் வைக்கும்போதெல்லாம் நின்று பார்த்தாள். அவர் “தாங்க்ஸ்ம்மா” என்றார், அவ்வளவுதான். உனக்கு என்ன தோணுது என்று அந்த மூன்று நாளில் அவர் கேட்கவே இல்லை.

கள்ளக் கையெழுத்துப் போட அவளால் ஆகவில்லை. சேசுநாதர் முகத்தில் எப்படி முழிப்பது? ஆனால் சும்மா இருக்கவும் ஆகவில்லை. ஏழாம் நாள் அலமாரியைத் திறந்து மையத்தின் தாள் ஒன்றை எடுத்து, தன் கையாலேயே எழுதினாள்: ‘ஐயா, இனியன் என்ற பிள்ளையை இந்த மையத்துக்கு அழைத்து வந்தது நான். டெல்லியில் சொல்லிப் பதிவு வாங்கித் தருவார்கள் என்று சொன்னதும் நான். அவன் ஒளிய வரவில்லை, வெளியே வரத்தான் வந்தான். வாசுதேவன் சாரிடம் மூன்று மணி நேரம் பேசினான். நான் கதவுக்கு வெளியே இருந்தேன். இப்படிக்கு, ஜெசிந்தா, டீ போடுகிறவள்.’ கீழே தேதி போட்டாள். செங்கல்பட்டு அதிகாரி அதை இரண்டு தடவை படித்தார். “உங்க கையெழுத்து நல்லா இருக்கும்மா” என்றார். “ஆனா தலைப்புத்தாள் அவங்களது. நான் ஒரு வார்த்தை கேட்டுக்கணும்.” அவள் எதிரிலேயே போன் போட்டார்.

அந்தப் பக்கம் பேசியது ஜெசிந்தாவுக்குக் கேட்கவில்லை. அதிகாரி “சரிங்க சார், சரிங்க சார்” என்று கேட்டுவிட்டு வைத்தார். தாளை மடித்து அவளிடமே நீட்டினார். “அந்தத் தாள் அவங்களுக்குத் தெரியாம எடுத்ததுன்னு சொல்றாரு. சமையல்காரம்மாவுக்கு மனசு சரியில்லை, விஷயமும் தெரியாது, விட்டுடுங்கன்னு சொல்றாரு. உங்க மேல நடவடிக்கை வேணாம்னு பெருந்தன்மையா சொல்லிட்டாரு.”

திரும்பி வரும்போது சார் பங்களா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. அதுதான் ஜெசிந்தாவைப் பிற்பாடு ரொம்ப நாள் அறுத்தது.

“அஞ்சு வருஷம் உன்னை நம்பி அலமாரிச் சாவியைக் குடுத்திருந்தேன். நீ இப்படித் துரோகம் பண்ணுவேன்னு நான் நெனைக்கலை ஜெசிந்தா.”

அவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். யார் யாருக்குத் துரோகம் செய்தது என்று வழி நெடுக யோசித்துக்கொண்டே நடந்தாள். வீட்டில் ஜோயல் நடந்ததைக் கேட்டுவிட்டு, “பெரிய மனுசன்மா. எது துரோகம்னுகூட அவன்தான் பேரு வெப்பான்” என்றான்.

பதினோராம் நாள் இனியனை வேலூர்ப் பக்கம் ஒரு பூட்டுப்போட்ட முகாமுக்குக் கொண்டுபோனார்கள். இரண்டாவது குழந்தை பிறந்தபோது அவன் உள்ளே இருந்தான். வாசுதேவன் சார் சித்திரையில் டெல்லி போனார். மஞ்சள் பங்களாவைக் காலி செய்துவிட்டுச் சென்னையில் கண்ணாடி வைத்த கட்டடத்துக்கு மையம் மாறியது. பிறகு டிவியில் அடிக்கடி வந்தார். தலையைச் சாய்த்து மற்றவர் பேசுவதைக் கேட்பதைப் பார்த்தால் எவருக்கும் அவர்மேல் நம்பிக்கை வரும். ஜெசிந்தா எழுந்துபோய் டிவியை அணைத்துவிடுவாள். அவருக்காகவும் செபிக்கவேண்டும் என்று சாமியார் சொன்னார். அவள் செபித்தாள். எல்லா நாளும் முடியவில்லை.

ஜெசிந்தா குப்பத்துக்குப் போய்க் கன்னியம்மாவின் எதிரில் நின்றாள். திட்டட்டும், அடிக்கட்டும் என்றுதான் போனாள். கன்னியம்மா இரண்டும் செய்யவில்லை. “உன்ன நம்பித்தான அனுப்பினேன்” என்றாள். அதோடு அவளுடைய வாய் நின்றுபோயிற்று. ஊரே கேட்கப் பேசுகிறவள், ஜெசிந்தாவைக் கண்டால் மட்டும் ஊமையாகிவிடுவாள்.

இரண்டு வருஷம் கழித்து இனியனைப் பூட்டு இல்லாத முகாமுக்கு மாற்றினார்கள், ஆரணிப் பக்கம். வேண்டா குழந்தைகளை இடுப்பிலும் கையிலுமாகத் தூக்கிக்கொண்டு அங்கேயே போய்விட்டாள். புருஷனோடு இருக்கவேண்டும் என்றால் அங்கேதான் இருக்கவேண்டும். கடற்கரையில் பிறந்தவள் தகரக் கொட்டகை வரிசை வீட்டில் குடியிருந்தாள். கன்னியம்மாவுக்கு வீட்டில் யாரும் இல்லை. பஸ் போர்டு படிக்கத் தெரியாது. செங்கல்பட்டில் ஒன்று, காஞ்சிபுரத்தில் ஒன்று என்று மாறிப் போகவேண்டும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்ததும் ஜெசிந்தா வந்து மாமல்லபுரம் பஸ் நிலையத்தில் நிற்பாள். கன்னியம்மா கருவாட்டு மூட்டையோடு வருவாள். ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு பேரும் போவார்கள், வருவார்கள். டிக்கெட்டை ஜெசிந்தா எடுத்தால் கன்னியம்மா தன் பங்கைச் சரியாக அவள் மடியில் போட்டுவிடுவாள்.

2002 ஆவணியில் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு வெள்ளைக் கார் பஸ் நிலையத்துக்கு எதிரே நின்றது. வாசுதேவன் சார் பத்திரிகை வாங்க இறங்கினார். தலை முழுக்க நரைத்திருந்தது. கடற்கரை ஓட்டல் ஒன்றில் ஏதோ மாநாடு. ஜெசிந்தாவைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு நேராக வந்துவிட்டார்.

“ஜெசிந்தா! சௌக்கியமா? இப்ப எங்க வேலை?”

“கேளம்பாக்கத்துல ஒரு ஹாஸ்டல்ல சமையல் சார்.”

“பழசையெல்லாம் மனசுல வெச்சிண்டிருக்கலையே? அந்தச் சமயம் அப்படி.” பிறகு கொஞ்சம் குனிந்து, பழைய அதே தணிந்த குரலில் பேசினார். “இப்ப அங்க சண்டை நிறுத்தம் வந்திருக்கு பாரு. திரும்பிப் போறதா வேண்டாமான்னு ஒரு புஸ்தகம் எழுதறேன். அந்தப் பையன் எங்க இருக்கான்? பேரு வரமாட்டேங்கறது... அந்த ரெண்டு விரல் இல்லாத பையன். இன்னொரு தடவை பேசினான்னா நன்னா இருக்கும். பேரெல்லாம் போடமாட்டேன், உனக்குத்தான் தெரியுமே.”

ஜெசிந்தா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். அவர் தலையைச் சாய்த்து, பொறுமையாக, அவள் சொல்வதைக் கேட்கத் தயாராக நின்றுகொண்டிருந்தார்.

“எனக்குத் தெரியாது சார்” என்றாள்.

“தெரிஞ்சா சொல்லும்மா” என்று ஒரு அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார். பக்கத்தில் மூட்டையோடு முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தவளை அவர் பார்க்கவே இல்லை.

செங்கல்பட்டு பஸ் வந்தது. ஜன்னலோரமாகக் கன்னியம்மா உட்கார்ந்தாள், பக்கத்தில் ஜெசிந்தா. திருக்கழுக்குன்றம் தாண்டும் வரை கன்னியம்மா வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னாத்த கேட்டான் அவன்?”

நான்கு வருஷத்துக்கு அப்புறம் அந்தக் குரல். “இனியன் எங்க கீறான்னு கேட்டாரு.”

“நீ இன்னா சொன்னே?”

“தெரியாதுன்னு சொன்னேன் யக்கா.”

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. கன்னியம்மா தன் மடியில் இருந்த கருவாட்டு மூட்டையைத் தூக்கி ஜெசிந்தாவின் மடியில் வைத்தாள்.

“புடி. எனக்குக் கை வலிக்குது” என்றாள்.